சிறுநீரகத்தில் 3.2 செ.மீ. கட்டி: முழுவதும் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

வாசகர் கேள்வி, 9 ஜூன் 2024

அம்மாவுக்கு 58 வயது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேனில் பித்தப்பைக் கல்லோடு சேர்த்து இடது சிறுநீரகத்தில் 3.2 செ.மீ. அளவில் ஒரு கட்டி என்று வந்திருக்கிறது. எங்கள் ஊர் டாக்டர் "இந்த வாரமே அட்மிட் ஆகுங்கள், கிட்னியை எடுத்துவிடலாம்" என்கிறார். பெரியப்பா "கத்தி வைத்தால் பரவிவிடும், மூலிகை வைத்தியம் பார்க்கலாம்" என்கிறார். அம்மாவுக்கு வலியும் இல்லை, ரத்தமும் போகவில்லை. வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை. அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு

தம்பி, முதலில் ஒன்று: இந்த வாரமே அட்மிட் ஆக வேண்டிய அளவு கட்டி இல்லை இது. அதற்காக ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று போட்டுவைக்கவும் கூடாது. இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, இன்னொரு யூராலஜிஸ்டைப் (சிறுநீரக அறுவை டாக்டர்) பார்த்து, நிதானமாக முடிவு செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது.

சிறுநீரகத்தில் 4 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புற்றுநோயே கிடையாது. மீதியிலும் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. இப்படிச் சின்னக் கட்டிகளை எடுக்காமல் வைத்துக் கண்காணித்த ஆய்வுகளில் சராசரி வளர்ச்சி வருடத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில்தான் இருந்தது.

சாதாரண ஸ்கேனை மட்டும் வைத்து அறுவைக்குத் தேதி குறிக்கக் கூடாது. கட்டி தெளிவாகத் தெரிய கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சி.டி. எடுக்க வேண்டும். அதற்கு முன் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள், அது கூடினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அம்மா சுகருக்கு மெட்ஃபார்மின் போடுகிறார் என்றால் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். கிரியாட்டினினைப் பொறுத்து நிறுத்தச் சொல்வார்கள்.

10 ஜூன்

நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பாவின் கதைதான் காரணம்.

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். வேலையில் இருந்த காலம் முழுக்க பீடி. பிரஷர் இருந்தது, மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விட்டுவிடுவார். 2015-இல் அவருக்கு 61 வயது. ஒருநாள் சிறுநீரில் ரத்தம். வலியே இல்லை. "வெயிலில் வண்டி ஓட்டின சூடு" என்று அவரே முடிவு செய்து இளநீரும் நீர்மோரும் குடித்தார். இரண்டு நாளில் ரத்தம் நின்றும்விட்டது. சூடு தணிந்துவிட்டது என்றே எல்லோரும் நம்பினோம். சில மாதம் கழித்து மறுபடி போனபோதுதான் ஸ்கேனுக்குப் போனோம். வலது சிறுநீரகத்தில் 6 செ.மீ. கட்டி.

ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். பெயர் வேண்டாம். சிறுநீரகம் முழுவதையும் எடுத்தார்கள். அறுவை நன்றாகவே செய்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்து மீதிச் சிறுநீரகத்தை விட்டுவைக்க வழி உண்டா என்று அங்கே ஒருவரும் பேசவில்லை. அப்படி ஒரு முறை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அப்பாவின் கட்டி இருந்த இடத்துக்கு அது முடிந்திருக்குமா, முடியாதா என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. ஆனால் கேள்வியே எழவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது. ஒற்றைச் சிறுநீரகமும் பழைய பிரஷரும் சேர்ந்து இப்போது அவருடைய கிரியாட்டினின் 1.8-இல் நிற்கிறது. வேறு எந்த நோய்க்கு எந்த மருந்து எழுதினாலும், ஸ்கேனுக்கு ஊசி போட்டாலும், முதலில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

அம்மாவுக்கு சுகரும் பிரஷரும் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அதனால்தான் உடனே உட்கார்ந்து பதில் எழுதினேன். அந்த இரண்டும் மீதமிருக்கும் சிறுநீரகத்தையும் மெல்ல மெல்லத் தின்கிற நோய்கள்.

10 ஜூன், மாலை

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கட்டி சிறுநீரகத்துக்கு வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு இருக்கிறதா, உள்ளே புதைந்து பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதா? கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? முடியாது என்றால் ஏன்? இந்த அறுவையை இங்கே அடிக்கடி செய்கிறீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கட்டியை மட்டும் எடுப்பதை எங்களுக்குப் பின்னாளில் ஒரு டாக்டர் விளக்கியது: கத்தரிக்காயில் சொத்தையை மட்டும் நறுக்கிவிட்டு மீதியைக் குழம்புக்குப் போடுவதுபோல. ரத்தக்குழாயைக் கொஞ்ச நேரம் கிளிப் போட்டு நிறுத்தி, கட்டியைச் சுற்றி மெல்லிய ஓரத்தோடு வெட்டி எடுத்து, தைத்து, கிளிப்பை எடுத்துவிடுவார்கள். அந்த நேரம் 25, 30 நிமிடத்துக்குள் முடிந்தால் சிறுநீரகத்துக்கு நல்லது. அதனால்தான் கைப்பழக்கம் முக்கியம். முழுவதும் எடுப்பதைவிட இதில் ரத்தக்கசிவும், தைத்த இடத்தில் சிறுநீர் ஒழுகுவதும் கொஞ்சம் அதிகமாக நடக்கும். இதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

12 ஜூன்

பெரியப்பா சொன்ன "கத்தி வைத்தால் பரவும்" பற்றி. எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. கட்டியைத் திறந்து கிளறிவிட்டு மூடுவதில்லை. சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து வெளியே எடுத்துவிடுகிறார்கள். அறுவைக்கு அப்புறம் சிலருக்கு வேறிடத்தில் நோய் தெரிவது கத்தியால் வந்தது இல்லை. அறுவைக்கு முன்பே ஒன்றிரண்டு செல்கள் ரத்தத்தில் போயிருக்கும். அப்பாவுக்கும் ஆறு வருடம் கழித்து நுரையீரலில் அப்படித்தான் தெரிந்தது.

கட்டியில் துளி சதை எடுத்துப் பரிசோதிக்கும் பையாப்ஸி ஊசியால் பரவுமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இன்றைய முறையில் ஒரு குழாய்க்குள் ஊசியை விட்டு எடுக்கிறார்கள், பரவியதாகப் பதிவானவை மிக மிக அரிது. சிறுநீரகக் கட்டிக்கு எல்லோருக்கும் பையாப்ஸி தேவையில்லை, சி.டி. படமே பெரும்பாலும் தெளிவாகச் சொல்லிவிடும்.

12 ஜூன், பிற்பகல்

காலையில் எழுதிய பையாப்ஸி விஷயத்தை மறுபடி யோசித்தேன். சிலருக்கு அது உண்மையிலேயே உதவும். வயதானவர், இதய நோய் உள்ளவர், அறுவையே ஆபத்தானவர் என்றால் அது கெட்ட கட்டிதானா என்று தெரிந்துகொண்ட பிறகு முடிவு எடுப்பது நல்லது. வேறு உறுப்பில் ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர்களுக்கும், நோய் பரவியிருந்து மருந்தில் ஆரம்பிக்க வேண்டியவர்களுக்கும் பையாப்ஸி கட்டாயம் வேண்டும். பத்துப் பேரில் ஒருவருக்காவது "சரியாகத் தெரியவில்லை" என்று பதில் வரும். அதை "ஒன்றும் இல்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

13 ஜூன்

மூலிகை. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. காய்ச்சலுக்கு நிலவேம்புக் குடிநீர் குடித்து வளர்ந்தவள்தான். ஆனால் சிறுநீரகக் கட்டியைக் கரைக்கும் மூலிகை எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அதைவிடக் கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை இரண்டும் நம் ஊரில் பாம்புக்கடிக்கும் பூச்சிக்கடிக்கும் காலங்காலமாகச் சொல்லப்படும் செடிகள். இரண்டும் அரிஸ்டலோக்கியா குடும்பம். அவற்றில் இருக்கும் அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்க வைக்கும். சிறுநீர்ப்பாதையின் மேல்பகுதியில் புற்றுநோயையும் உண்டாக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பிரிவில், வைத்திருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரத்தில், எடை குறைக்க மூலிகைப் பொடி சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சீனச் செடிக்குப் பதிலாகத் தவறுதலாக இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி கலந்துவிட்டது. அவர்களில் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. அத்தனை பேரும் இயற்கை மருந்து என்று நம்பிச் சாப்பிட்டவர்கள்.

ஆகவே அம்மாவுக்கு யார் என்ன பொடி கொடுத்தாலும், அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.

15 ஜூன்

"அறுவை இல்லாமல் சுட்டோ உறையவைத்தோ அழிக்கலாமாமே?" என்று கேட்டவருக்கு: ஆம், இருக்கிறது. தோல் வழியாக ஊசியை விட்டு, ரேடியோ அலை அல்லது மைக்ரோவேவ் சூட்டால் அழிப்பது ஒன்று. கட்டியை உறைய வைப்பது இன்னொன்று. 3 செ.மீ.க்குள் இருந்தால் பலன் நன்றாக இருக்கும். அதற்கு மேலே போகப் போக, அதே இடத்தில் மறுபடி தலைகாட்டும் வாய்ப்பு கூடும். வயதானவர்களுக்கும் மயக்க மருந்து தாங்காதவர்களுக்கும் நல்ல வழி. 58 வயதில், மற்றபடி நடமாட்டமாக இருக்கும் ஒருவருக்கு நான் முதலில் கேட்பது அறுவையைத்தான்.

எதுவும் செய்யாமல் கண்காணிப்பதும் ஒரு சிகிச்சைதான். மறந்துவிட்டு இருப்பது அதில் சேராது. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து, வேகமாக வளர்ந்தாலோ 4 செ.மீ.யை நெருங்கினாலோ அப்போது கை வைப்பது. என் சித்தி மாமியாருக்கு 81 வயதில் 2 செ.மீ. கட்டி. இதயத்தில் ஸ்டென்ட் உண்டு. அவரை இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இப்போதும் பேத்தி கல்யாணத்துக்கு முறுக்கு சுற்ற ஆள் அனுப்பினால் அவரே வந்து மணையில் உட்கார்ந்துவிடுகிறார்.

கதிர்வீச்சு பற்றியும் ஒருவர் கேட்டார். சிறுநீரகப் புற்றுநோய் கதிர்வீச்சுக்கு மசியாது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். இப்போது குறிபார்த்து ஒரு சில தடவையிலேயே அதிக அளவு கொடுக்கும் முறையில், அறுவை முடியாதவர்களுக்குக் கட்டி நன்றாகக் கட்டுப்படுகிறது.

18 ஜூன்

இங்கே வாசிக்கும் ஒரு யூராலஜிஸ்ட் எனக்குத் தனியாக எழுதினார். கட்டியை மட்டும் எடுப்பதுதான் எப்போதும் சிறந்தது என்று நான் எழுதுவதுபோல் தெரிகிறது, 2011-இல் வந்த ஐரோப்பிய ஆய்வையும் சொல்லுங்கள் என்றார். நியாயமான பேச்சு.

5 செ.மீ.க்குள் கட்டி உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தினருக்கு முழுச் சிறுநீரகம், மறுபக்கத்தினருக்குக் கட்டி மட்டும் என்று செய்து பார்த்தார்கள். பத்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முழுவதும் எடுத்தவர்களில் 81 சதவீதம், கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 76 சதவீதம். எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. புற்றுநோயால் இறந்தவர்கள் இரண்டு பக்கமும் மிகச் சிலரே. சிறுநீரகச் செயல்பாடு கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்குத்தான் நன்றாக இருந்தது.

இரவு முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஆரோக்கியமான ஒருவர், கட்டி சிக்கலான இடத்தில், முழுவதும் எடுக்கச் சொல்கிறார்கள் என்றால் அவர் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவர்கள் ஒற்றைச் சிறுநீரகத்தோடு நீண்ட நாள் வாழ்கிறார்கள். ஆனால் சுகரும் பிரஷரும் உள்ள ஒருவருக்கு அந்தக் கணக்கு வேறு. அந்த டாக்டரிடமே "உங்கள் அம்மாவாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். சுகர் இருக்கிறது, 4 செ.மீ.க்குள் இருக்கிறது என்றால் கட்டியை மட்டும் எடுக்க முதலில் முயற்சி செய்வேன் என்றார். இன்றைய வழிகாட்டு நெறிகளும் இந்த அளவுக்கு அதையே சொல்கின்றன.

20 ஜூன்

பேச்சு தடுப்புப் பக்கம் போய்விட்டது, நல்லதுதான். நிறையத் தண்ணீர் குடித்தால் வராதா, வாழைத்தண்டுச் சாறு குடித்தால் வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லுக்குத் தண்ணீர் நல்லது. புற்றுநோயைத் தண்ணீர் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

உறுதியாகத் தெரிந்தவை மூன்று: புகை, உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம். புகைக்கும் ஆண்களுக்கு ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. விட்டால் குறையும், ஆனால் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் இன்றைக்கே விடுவதுதான் லாபம். பருமன் பெண்களுக்கு இன்னும் அழுத்தமான காரணம். பிரஷரைப் பொறுத்தவரை, மாத்திரையால்தான் கிட்னி கெடுகிறது என்று சொல்லி மாத்திரையை விடுகிறவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கட்டுப்படாத பிரஷர்தான் கிட்னியைக் கெடுக்கிறது. அப்பாவுக்கு இந்த மூன்றில் இரண்டு இருந்தது.

பட்டறை வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம். இரும்புச் சாமான்களில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கவும், டிரை கிளீனிங்கிலும் பயன்பட்ட டிரைகுளோரோஎதிலின் என்ற ரசாயனம் சிறுநீரகப் புற்றுநோய் தருவது உறுதி என்று 2012-இலேயே முடிவு சொல்லப்பட்டது. மூடிய அறையில் கையுறை இல்லாமல் அதில் கைவிடும் பையன்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

வருடக்கணக்காக டயாலிசிஸ் செய்பவர்களுக்குச் சுருங்கிய சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும், அவற்றில் புற்றுநோயும் வரலாம். அவர்கள் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது.

மற்றவர்களுக்கு? ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் மார்க்கர் எதுவும் இல்லை. "ஃபுல் பாடி கேன்சர் பேக்கேஜ்" என்று விற்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றும் எந்த நாட்டிலும் சொல்லவில்லை. ஆனால் சிறுநீரில் ஒரே ஒரு முறை ரத்தம் வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், தானாக நின்றுவிட்டாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். இதைத்தான் "சூடு" என்று சொல்லி நாம் தள்ளிப்போடுகிறோம். ரத்தம், விலாவில் வலி, கையில் தட்டுப்படும் கட்டி என்ற மூன்றும் சேர்ந்து வரும்வரை காத்திருந்தால் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

(முந்தின நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டுவிட்டு, சிறுநீர் சிவந்ததைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு எனக்கு போன் செய்த என் நாத்தனாருக்கு இந்த விதி பொருந்தாது. ஆனாலும் அவள் போன் செய்தது எனக்குச் சந்தோஷம்.)

2 ஜூலை

தம்பி சி.டி. ரிப்போர்ட் போட்டிருக்கிறார். 3.4 செ.மீ., கீழ்முனையில், பாதிக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. ரத்தக்குழாய் சுத்தம், நுரையீரல் சுத்தம். ஸ்கேனுக்கும் சி.டி.க்கும் 2 மி.மீ. வித்தியாசம் இருப்பதைப் பார்த்து வளர்ந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், இரண்டு கருவிகளின் அளவு அப்படித்தான் முன்னே பின்னே இருக்கும். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் கட்டியை மட்டும் எடுக்கலாம் என்று சொன்னதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

பணம் பற்றிக் கேட்டீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். மருத்துவமனையில் காப்பீட்டு கவுன்டரில் இருப்பவரிடம் முன் அனுமதி வாங்கிவிட்டுத்தான் அட்மிட் ஆக வேண்டும். ரோபோட்டிக் முறைதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். லேப்ராஸ்கோப்பியோ, திறந்து செய்வதோ, நன்றாகப் பழகிய கை எது என்று பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் சென்னை ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனையில் 2022 முதல் ரோபோட்டிக் வசதி இருக்கிறது.

29 ஜூலை

அறுவை முடிந்தது, அம்மா நலம் என்று தம்பி எழுதியிருக்கிறார். படித்துவிட்டு என் அப்பாவிடமும் சொன்னேன், "நல்ல சேதி" என்றார்.

ரிப்போர்ட்: கிளியர் செல் வகை (சிறுநீரகப் புற்றுநோயில் அதிகம் வரும் வகை), தரம் 2, வெட்டிய ஓரத்தில் நோய் இல்லை. நிலை 1, அதாவது நோய் சிறுநீரகத்தைத் தாண்டவில்லை. "அப்புறம் கீமோ எப்போது?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களாம். வேண்டியதில்லை. சிறுநீரகப் புற்றுநோய்க்கு வழக்கமான கீமோ வேலை செய்யாது. இந்த நிலையில் மருந்தே தேவையில்லை. கீமோ கொடுக்காமல் விட்டுவிட்டார்களே என்று அம்மா மனதில் யாரும் பயத்தை விதைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்ப வரும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும், உதாரணமாகக் கட்டி சிறுநீரகத்தின் பெரிய ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருந்தால், அறுவைக்குப் பின் ஒரு வருடம் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்) ஊசி கொடுக்கிறார்கள். 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நான்கு வருட முடிவில் ஊசி போட்டவர்களில் 91 சதவீதம் பேரும், போடாதவர்களில் 86 சதவீதம் பேரும் உயிரோடு இருந்ததாக 2024-இல் ஆய்வு வெளியானது. அம்மாவுக்கு இந்தப் பேச்சே எழாது.

11 ஆகஸ்ட்

கணவருக்கு நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாதா என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அம்மா, செய்ய முடியும். இருபது வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ, இன்றைக்கு அது இல்லை.

2005 வரை கையில் இருந்தது இன்டர்லூக்கின், இன்டர்ஃபெரான் ஊசிகள்தான். சிலருக்கே கேட்கும், பலரைப் படுக்கையில் போட்டுவிடும். 2005 டிசம்பரில் சோராஃபெனிப், 2006 ஜனவரியில் சுனிட்டினிப் என்று மாத்திரைகள் வந்தன. கிளியர் செல் வகையில் பெரும்பாலும் வி.எச்.எல். என்ற மரபணு பழுதாகியிருக்கும். அது பழுதானால் ஆக்சிஜன் போதவில்லை என்று செல் தவறாக நினைத்துக்கொண்டு, புதுப்புது ரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொண்டே இருக்கும். இந்த மாத்திரைகள் அந்த ரத்தக்குழாய் வழியை அடைக்கின்றன. செல் ஆக்சிஜனை எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்த கேலின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

2018-இல் நிவோலுமாப், இப்பிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி ஊசிகளைச் சேர்த்துக் கொடுப்பதற்கு அனுமதி வந்தது. அதற்கப்புறம் ஊசியும் மாத்திரையும் சேர்ந்த கூட்டு. இதில் ஒரு பகுதி நோயாளிகளுக்கு நோய் வருடக்கணக்கில் அடங்கிக் கிடக்கிறது. விலைதான் தலைக்கு மேல் போகிறது. மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டம் உண்டா என்று ஆன்காலஜிஸ்டிடம் (புற்றுநோய் டாக்டர்) கூச்சமில்லாமல் கேளுங்கள். சுனிட்டினிப், பசோப்பனிப் போன்ற மாத்திரைகள் இந்தியத் தயாரிப்பாகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

எந்த வழி என்று தீர்மானிக்க டாக்டர் ஆறு விஷயம் பார்ப்பார்: நோய் தெரிந்து ஒரு வருடத்துக்குள் மருந்து தேவைப்பட்டதா, நடமாட்டம் எப்படி, ஹீமோகுளோபின் குறைவா, கால்சியம் கூடவா, நியூட்ரோபில் என்ற வெள்ளணு கூடவா, தட்டணு கூடவா. இதில் ஒன்றும் இல்லையென்றால் நல்ல குழு, அதாவது ஆபத்து குறைந்த குழு. கணவரின் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் பற்றிக் கேளுங்கள். பரவிய பிறகு சிறுநீரகத்தை எடுப்பது எல்லோருக்கும் உதவாது என்று 2018-இல் ஒரு ஆய்வு காட்டியது. அதனால் உடனே அறுவைக்கு அழைத்துப் போகவில்லையே என்று வருந்த வேண்டாம். எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு நன்றாகக் கேட்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

12 ஆகஸ்ட்

நேற்று எழுதியதன் தொடர்ச்சி, அப்பாவின் அனுபவம். அறுவை முடிந்து ஆறு வருடம் கழித்து, 2021-இல், நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. இந்த நோய் பத்து வருடம் கழித்துக்கூட எட்டிப்பார்க்கும். அப்பா நல்ல குழுவில் இருந்தார். உடனே மருந்து வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார் ஆன்காலஜிஸ்ட். எனக்கு அது புரியவில்லை, சண்டை போடும் மனநிலையில் இருந்தேன். இன்றைக்கு யோசித்தால், மருந்தின் உபத்திரவம் இல்லாமல் அப்பாவுக்குக் கிடைத்த நல்ல மாதங்கள் அவை. தங்கை பையனுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது அப்போதுதான்.

2022-இல் புள்ளிகள் பெரிதானதும் பசோப்பனிப். இதை வெறும் வயிற்றில் போட வேண்டும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் அல்லது இரண்டு மணி நேரம் பின். நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஓமெப்ரசோல் வகை மாத்திரை இந்த மருந்தை உடம்பில் சேரவிடாது. கடையில் தானாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள். கல்லீரல் பரிசோதனை தவறாமல் செய்ய வேண்டும். பிரஷர் ஏறும், வீட்டில் பார்க்கும் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள். தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு நாட்களில் அப்பாவுக்குக் கேட்டது தயிர்சாதமும் கஞ்சியும்தான். உள்ளங்கை, பாதம் எரிந்தால் டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார். பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

முடியும் வெளுக்கும். அப்பா மீசைக்கு மட்டும் விடாமல் மை அடிப்பவர். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளில் புருவமும் வெளுத்தது. டீக்கடையில் நண்பர் ஒருவர் "என்ன டிரைவர், புருவத்துக்கு எப்போது மை?" என்று கேட்க, அப்பா அன்றைக்கே மீசைக்கும் மை போடுவதை நிறுத்திவிட்டார். இப்போதுதான் அழகாக இருக்கிறார் என்று என் அம்மா சொல்கிறார்.

3 நவம்பர்

38 வயதில் இரண்டு சிறுநீரகத்திலும் கட்டி என்று எழுதியவருக்கு. 46 வயதுக்குள் வந்தாலோ, இரண்டு பக்கமும் வந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ மரபணு ஆலோசனை கேட்க வேண்டும். கண்ணிலோ மூளையிலோ ரத்தக்குழாய்க் கட்டி இருந்த உறவினர் யாராவது உண்டா? அது வி.எச்.எல். குடும்ப நோயாக இருக்கலாம். அதில் பொதுவாகக் கட்டி 3 செ.மீ. வரும்வரை காத்திருந்து எடுப்பார்கள். இல்லையென்றால் வாழ்நாள் முழுக்க அறுத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். பெல்சூட்டிஃபான் என்ற மாத்திரைக்கு 2021-இல் அமெரிக்கா இதற்கென்றே அனுமதி தந்தது. வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய இடத்தில் மரபணுப் பிரிவும் யூராலஜியும் ஒரே வளாகத்தில் இருக்கும், அங்கே போங்கள். உங்கள் அண்ணன் தம்பி, பிள்ளைகளுக்கும் பரிசோதனை தேவைப்படலாம்.

19 ஜனவரி 2025

தம்பி கேட்டது: அம்மாவுக்கு அடுத்த சி.டி. எப்போது, வேறு என்ன கவனிக்க வேண்டும்?

நிலை 1-க்கு முதலில் ஆறு மாதத்தில் ஒன்று, அப்புறம் வருடத்துக்கு ஒன்று, குறைந்தது ஐந்து வருடம். துல்லியமான இடைவெளியை உங்கள் டாக்டர் சொல்வதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுப் படத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் வருடத்துக்கு இரண்டு முறையாவது. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், பாராசிட்டமால் போதும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் "கிட்னியில் ஆபரேஷன் ஆனவர்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

இன்னொன்று. நோய்க்கூறு ஆய்வகத்தில் அம்மாவின் கட்டியை மெழுகுக் கட்டையில் பதித்து வைத்திருப்பார்கள், அதிலிருந்து எடுத்த கண்ணாடி ஸ்லைடுகளும் இருக்கும். அறுவைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, சி.டி. படங்கள் உள்ள குறுந்தகடு எல்லாவற்றோடும் அந்த ஆய்வக எண்ணையும் எழுதி ஒரே ஃபைலில் வையுங்கள். 2021-இல் அப்பாவின் பழைய ஸ்லைடை மறுபடி பார்க்க வேண்டும் என்றபோது, அந்த எண் இல்லாமல் பழைய மருத்துவமனையில் பதிவேடு பதிவேடாகத் தேட வேண்டியிருந்தது. கேட்டால் ஸ்லைடும் கட்டையும் தருவார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.